டூரினுக்குப் போகுமுன் கேட்ட 40 இத்தாலியப் பாடங்கள்

மகளின் பிரசவத்துக்காக டூரின் போக வேண்டியிருந்தது. விசாவில் 90 நாள் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு வேலை, சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி. கடை கண்ணிக்கும் மருந்துக்கும் நான்தான் வெளியே இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அதனால் கிளம்புவதற்கு 3 மாதம் இருக்கும்போதே மாப்பிள்ளை ஓர் இத்தாலிய ஒலிப்பாடத்துக்குப் பணம் கட்டி, என் போனில் ஏற்றித் தந்தார். மொத்தம் 40 பாடம், ஒவ்வொன்றும் 25 நிமிஷம். ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருகிறார்கள். அட்டையில் 'அன்றாடப் பேச்சுக்கும் பயணத்துக்கும்' என்று போட்டிருந்தது.

எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகிற குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல. மகள் வைத்திருந்த வேறு இரண்டையும் பிறகு கேட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒரே வார்ப்பு. இந்த வகைப் பாடத்தை வாங்கலாமா என்று யோசிக்கிற நம்மவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதிலும் மகள் மகன் வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தங்கப் போகிற அம்மா அப்பாக்களுக்காக.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். இலக்கண அட்டவணை எதுவும் கிடையாது. ஒரு சொல்லைத் தருவார்கள், சொல்லச் சொல்வார்கள், அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாலு நிமிஷம் கழித்து அதே சொல்லைத் திரும்பக் கேட்பார்கள். மறுநாள் பாடத்தில் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. மறக்கப் போகிற நேரம் பார்த்துத் தட்டி எழுப்புகிற இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. 60 வயதில் புதுச்சொல் தங்குமா என்ற பயம் பத்தாவது பாடத்தோடு போய்விட்டது.

இன்னொரு நல்ல காரியம், முதல் பாடத்திலிருந்தே மரியாதைப் பேச்சில் தொடங்குகிறார்கள். இத்தாலியத்தில் 'தூ' என்றால் நீ, 'லேய்' என்றால் நீங்கள். கடைக்காரர், டாக்டர், வயதானவர் எல்லோருக்கும் லேய்தான். 'ச்சாவ்' என்ற வணக்கத்தை நாம் சினிமாவில் கேட்டிருப்போம். அது நெருங்கியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியது. முன்பின் தெரியாத பெரியவருக்கு 'புவோன்ஜோர்னோ', பொழுது சாய்ந்தால் 'புவோனசேரா'. நீ, நீங்கள் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இதில் விளக்கமே தேவைப்படாது. வினைச்சொல்லும் அப்படித்தான். 'வருகிறேன்' என்றாலே வருவது நான் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? அவர்களும் 'வெங்கோ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலக்காரர்களுக்காக இதையே மூன்று பாடம் இழுத்து விளக்குகிறார்கள். அந்த இடங்களை நீங்கள் தள்ளிவிட்டே போகலாம்.

இரட்டித்து வரும் ஒலியும் நமக்குச் சுலபம். 'நோன்னா' என்றால் பாட்டி, 'நோனா' என்றால் ஒன்பதாவது. கன்னி வேறு, கனி வேறு என்று தெரிந்த வாய்க்கு இது தானாக வரும். 

இனி குறை. நான் 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். கவுண்டருக்கு வருகிறவர் கேட்பது ஒரே கேள்வி, 'இதை அனுப்ப எவ்வளவு ஆகும்?' என்று. அந்த நாளில் நான் திருப்பிக் கேட்டது நாலு. ஸ்பீட் போஸ்ட்டா, ரிஜிஸ்டரா? உள்ளே என்ன இருக்கிறது? பின்கோடு எங்கே? சில்லறை இருக்கிறதா? உண்மையான பேச்சு நடப்பதே இந்த நாலில்தான். ஒலிப்பாடம் 40 நாளும் எனக்கு வருகிறவரின் கேள்வியை மட்டுமே சொல்லித் தந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்பார் என்று ஒரு பாடத்திலும் இல்லை.

டூரினில் போர்த்தா பலாத்ஸோ என்று பெரிய திறந்தவெளிச் சந்தை இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று. பேத்தி பிறந்த ஐந்தாம் நாள் பூண்டு வாங்கப் போனேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு இல்லாமல் ஆகுமா? பூண்டுக்கு 'ஆல்யோ'. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் 'மீ தீக்கா' என்றார். பாடத்தில் இல்லாத சொல். ஆனால் முகமும் தலையசைப்பும் அப்படியே நம்மூர் மளிகைக் கடை 'சொல்லுங்க'தான். (அதன் பொருளும் அதுவேதான் என்று மகள் பிறகு சொன்னாள்.) பூண்டைக் கேட்டேன், எடுத்துப் போட்டார். 'ஆல்த்ரோ?' என்றார். விழித்தேன். 'போய்?' என்றார். மறுபடி விழித்தேன். வேறென்ன, அப்புறம் என்ன, இவ்வளவுதான் அவர் கேட்டது. போதும் என்றால் 'பாஸ்தா கொஸீ' என்று சொல்ல வேண்டும். 'பாஸ்தா' என்ற சொல்லை 22-ஆம் பாடத்தில் கற்றிருந்தேன். ஆனால் அது இந்த இடத்தில்தான் வந்து விழும் என்று தெரியாமல் போயிற்று.

சூப்பர் மார்க்கெட்டிலும் இதே கதை. பணம் கட்டும் இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் அடுத்தடுத்து மூன்று கேட்டாள். கடையின் அட்டை இருக்கிறதா, அது 'தெஸ்ஸெரா'. பை வேண்டுமா, டூரினில் 'சக்கெத்தோ', தெற்கே போனால் அதே பைக்கு 'பூஸ்தா'. காசா, கார்டா, 'கொன்தான்தி ஓ கார்த்தா'. இந்த மூன்றையும் ஒரு பாடத்தில் போட்டிருந்தால் எனக்குப் பத்து நாள் படபடப்பு மிச்சமாகியிருக்கும். அதற்குப் பதிலாக ஓட்டலில் கடல் தெரிகிற அறை கேட்பது எப்படி என்று இரண்டு முழுப் பாடம். டூரினில் கடலே கிடையாது, ஆல்ப்ஸ் மலைதான் தெரியும்.

அடுத்தது, தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். எந்தப் பாடமும் இதைச் சொல்லாது. அவற்றைச் செய்தவர்கள் நம் வாயை நினைத்துச் செய்யவில்லை.

'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். த அழுத்தமாக விழுகிறது. இப்போது 'பந்து' என்று சொல்லுங்கள். அதே த இளகிவிடுகிறது. மூக்கொலிக்குப் பின்னால் வருகிற வல்லினத்தை நாம் யோசிக்காமலே மெலித்துவிடுகிறோம். தங்கம், வண்டி, கம்பு எல்லாமே அப்படி. எழுத்தில் வேறுபாடு இல்லாததால் காதும் அதைப் பிரித்துக் கேட்பதில்லை. இத்தாலியத்தில் அந்த வேறுபாடு சொல்லையே மாற்றிவிடும். பத்தின் த போட்டு 'குவான்த்தோ' என்றால் எவ்வளவு. பந்தின் த போட்டு 'குவாந்தோ' என்றால் எப்போது. முதல் இரண்டு வாரம் நான் சந்தையில் கேட்டதெல்லாம் 'எப்போது விலை?' என்றுதான். எண்களும் இந்த வலையில்தான் இருக்கின்றன. 20 'வென்த்தி'. அதை மெலித்து 'வெந்தி' என்றால் 'நீ விற்கிறாய்' என்று பொருள். 30, 40, 50-இல் தொடங்கி 100 வரை ஒவ்வொன்றிலும் இந்த ன்த்த வருகிறது. ஆக, விலை பேசுகிற பேச்சு முழுவதும் நாம் தடுக்குகிற இடத்திலேயே நிற்கிறது.

இதனாலேயே, தமிழ் எழுத்தில் குறிப்பு எடுத்துப் படிக்காதீர்கள் என்று சொல்வேன். நான் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். அதில் சாப்பிடுகிற பாஸ்தாவும், போதும் என்கிற பாஸ்தாவும் ஒரே எழுத்தில் இருந்தன. முன்னதற்குப் பல்லின் ப, பின்னதற்குப் பஸ்ஸின் ப. காதால் கேட்டு வாயால் சொல்வதுதான் வழி. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் இத்தாலிய எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபடி வாசிக்கிற மொழி, சில விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

என் குவாந்தோவைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டு சிஞோரா, அதாவது கீழ்வீட்டு அம்மாள். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா நேப்பிள்ஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1960-களில் ஃபியட் வேலைக்காக டூரினுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக இப்படி வந்திருக்கிறார்கள். குழந்தை பார்க்க வந்த அன்று நான் ஏதோ கேட்டேன். அவர் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் என்னவோ சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள்: "அம்மா, அவங்க ஊர்லயும் குவாந்தோன்னுதான் சொல்வாங்களாம். அவங்க அம்மா சாகிற வரைக்கும் அப்படித்தான் பேசினாங்களாம். பள்ளிக்கூடத்துல இவங்களைத் திருத்தினாங்களாம்." தென் இத்தாலியில் பல இடங்களில் மூக்கொலிக்குப் பின் நம்மைப் போலவே மெலித்துப் பேசுகிறார்கள். கும்பகோணத்துக்காரி பேச்சில் அந்த அம்மாள் தன் தாயின் பேச்சைக் கேட்டிருக்கிறார். நான் அந்த நாளை மறக்க மாட்டேன்.

அதன்பின் சாயங்காலங்களில் மேலே வருவார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு எனக்கு எண் சொல்லித் தருவார். காய்கறிப் பையைக் கொட்டி வைத்து, அவர் கடைக்காரி, நான் வாங்குகிறவள். பிறகு நான் கடைக்காரி. ஒலிப்பாடத்தில் விலை எப்போதும் நிறுத்தி நிதானமாக வரும். சிஞோரா நிஜக் கடைக்காரர் வேகத்தில் சொல்வார். 60 'செஸ்ஸான்த்தா', 70 'செத்தான்த்தா'. வேகமாகச் சொன்னால் நடுவில் ஒரு ஒலிதான் வித்தியாசம். விலை கேட்கவும் சந்தையில் பெரும்பாலும் 'குவான்த்தோ வியேனே' என்பார்கள், எவ்வளவு வருகிறது என்று. நம்ம ஊர் மாதிரியே. நூறு கிராமுக்கு 'எத்தோ' என்று தனிச் சொல் இருக்கிறது. பாலாடைக்கட்டிக் கடையில் 'இருநூறு கிராம்' என்று யாரும் கேட்பதில்லை, 'தூஎ எத்தி' என்கிறார்கள். 40 பாடத்தில் எத்தோ ஒரு இடத்திலும் வரவில்லை.

பாடம் கைகொடுத்த இடத்தையும் சொல்ல வேண்டும். மகளுக்கு ஒரு நாள் தலைவலி. பச்சைச் சிலுவை எரிகிற மருந்துக்கடையில், தலை வலிக்கிறது என்று சொல்ல 17-ஆம் பாடம் அச்சாக வந்தது. எனக்கல்ல, மகளுக்கு என்றும் சொல்லிவிட்டேன். என்ன நாளில் பிறந்தது குழந்தை என்பதும் வந்தது. அந்தப் பெண் 'அல்லாத்தா?' என்றார். இதுவரை கேட்டிராத சொல். ஒரு கணம் நின்றேன். 'லாத்தே' என்றால் பால், அது மூன்றாவது பாடம். அந்தப் பெண்ணும் இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக் காட்டினார். தாய்ப்பால் கொடுக்கிறாளா என்று கேட்கிறார். 'சீ, சீ' என்றேன், ஆமாம் என்று. பாராசெத்தாமோலோ தந்தார். எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை அட்டையின் மேல் எழுதியும் கொடுத்தார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் 'வெஜெத்தாரியானா' என்ற சொல்லைத் தந்து முடித்துக்கொள்கிறது. அது போதாது. 'ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு, சில ரொட்டிகளில் அதைச் சேர்க்கிறார்கள். 'ப்ரோதோ' என்றால் வடிசாறு, அது காய்கறிச் சாறாகவும் இருக்கலாம், இறைச்சிச் சாறாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் வெளியே நிம்மதியாகச் சாப்பிட்டேன். 'பெப்பெரோனி' என்று பார்த்து இறைச்சியோ என்று பயப்பட வேண்டாம், அது குடைமிளகாய்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாய் திறக்க வைத்ததற்கு அந்த மூன்றரை. பதிலைக் கேட்கும் காதைத் தராததற்குக் குறைத்தது ஒன்றரை. வாங்குங்கள், ஆனால் முதல் 25 பாடத்தோடு நிறுத்திவிட்டு, மிச்ச நாளை எண் கேட்பதற்கே கொடுங்கள். உங்கள் பிள்ளையிடம் சொல்லி, கடையில் அவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்விகளை அவர்கள் குரலிலேயே ஒரு பத்து நிமிஷம் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி மனைவி அடுத்த வருஷம் போலோன்யா போகிறாள். அவளுக்கு மகள் அப்படித்தான் செய்து தந்திருக்கிறாள்.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருந்தபோது டூரினில் ஒரு தபால் ஆபீஸுக்குப் போனேன். கும்பகோணத்தில் என்னோடு வேலை பார்த்த தோழிக்கு ஒரு கடிதம். வாசலில் இயந்திரம் எழுத்தும் எண்ணும் போட்ட சீட்டைத் தந்தது. உட்கார்ந்து காத்திருந்தேன். என் எண் வந்ததும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். 'மீ தீக்கா' என்றார் உள்ளே இருந்த அம்மாள். உறையை நீட்டினேன். எங்கே போகிறது என்றார், இந்தியா என்றேன். 'ராக்கொமந்தாத்தா?' என்றார். ரிஜிஸ்டர் தபால். வேண்டாம், சாதாரணம் என்றேன். தராசில் வைத்தார், தொகையைச் சொன்னார். திரையைப் பார்க்காமல், காதில் விழுந்த எண்ணுக்குச் சில்லறையை எண்ணி வைத்தேன். சரியாக இருந்தது. 'ஆல்த்ரோ?' என்றார்.

'பாஸ்தா கொஸீ' என்றேன், பஸ்ஸின் ப போட்டு.