வாழ்க்கைத்திறன் வகுப்பு: ஒன்பது மாதம் அனுப்பிய ஒரு அப்பாவின் கணக்கு

என் மகளுக்கு 20 வயது. யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 'அறிவுசார் குறைபாடு' என்று போட்டிருக்கிறது. பதினெட்டு முடிந்ததும் சிறப்புப் பள்ளி முடிந்துவிட்டது, அதன்பின் இரண்டு வருடம் வீட்டில் டிவிதான். போன ஜூனிலிருந்து அடையாறு பக்கம் நடக்கும் ஒரு வாழ்க்கைத்திறன் வகுப்புக்கு அனுப்புகிறோம். சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்றுவரை. மாதம் 2,500 ரூபாய், எட்டுப் பிள்ளைகள், இரண்டு டீச்சர். சின்ன இடம், குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை.

சமையல் சொல்லித்தரும் விதம் எனக்குப் பிடித்தது. கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் மாவு ஊற்றுவது, எண்ணெய் விடுவது, திருப்புவது எல்லாம் டீச்சர் வேலை. வெந்த தோசையை எடுத்துத் தட்டில் போடுவது மட்டும் இவளுக்கு. அடுத்து திருப்புவது, அதற்கப்புறம் எண்ணெய், கடைசியாகத்தான் மாவுக் கரண்டி கைக்கு வந்தது. மொத்தம் இரண்டரை மாதம். ஆனால் முதல் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்து, "நான் தோசை சுட்டேன்" என்றாள். மாவிலிருந்து ஆரம்பித்திருந்தால் அன்றைக்கு அழுதுகொண்டுதான் வந்திருப்பாள். நாங்கள் வீட்டில் பல வருடம் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

சிக்கல் வீட்டு அடுப்பில் வந்தது. வகுப்பில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. கல்லைத் தூக்கினால் சூடு தானாக நின்றுவிடும். இவளும் கல்லை இறக்கிவைத்தால் வேலை முடிந்தது என்று பழகிவிட்டாள். எங்கள் வீட்டில் கேஸ். ஒரு ஞாயிறு சாயங்காலம் தோசையைத் தட்டில் போட்டு, கல்லை இறக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். பர்னர் எரிந்துகொண்டே இருந்தது, மேலே துணிக்கொடி. என் மனைவி பார்த்துவிட்டாள், சரி. டீச்சரிடம் சொன்னபோது, "பாதுகாப்புக்காகத்தான் சார் இண்டக்ஷன் வைத்தோம்" என்றார். நியாயம்தான். ஆனால் எட்டு வீட்டிலும் என்ன அடுப்பு என்று சேரும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்தது காசு. நான் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன், நாள் முழுக்க நோட்டு எண்ணுவதுதான் பிழைப்பு. அதனால் இதில் கொஞ்சம் கறாராக இருப்பேன். நிறத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: நீலம் ஐம்பது, ஊதா நூறு, மஞ்சள் இருநூறு. ஆவின் பால் பாக்கெட்டில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று அவளுக்கு ஏற்கெனவே அத்துப்படி, அதனால் இதுவும் இரண்டே வாரத்தில் பிடிபட்டது. எல்லாம் பிளாஸ்டிக் பூசிய போலி நோட்டு. தெருமுனைக் கடையில் 70 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, ஊதா நோட்டை நீட்டி, மீதிக்கு நின்றிருக்கிறாள். அது பழைய ஐம்பது! பின்பக்கம் நாடாளுமன்றக் கட்டடம் போட்ட அந்த நோட்டும் ஊதாதான், இன்னும் செல்லும். கடைக்காரர் போதாது என்கிறார், இவள் "ஊதா நூறு" என்று நகர மாட்டேன் என்கிறாள். அன்றைக்கு என் கல்லாவிலிருந்து இரண்டு நோட்டையும் மாற்றி எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரமே நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள், நிஜ நோட்டில், பக்கத்துக் கடையிலேயே. வகுப்பின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றிலிருந்துதான்.

பத்து ரூபாய் நாணயம் வேறு கதை. செல்லும் காசு என்று இவள் கற்றுக்கொண்டு வந்தாள், எங்கள் தெருவில் இரண்டு கடையில் வாங்க மறுக்கிறார்கள். இதற்கு வகுப்பைக் குறை சொல்ல முடியாது.

பஸ் விஷயத்தில் முழு மார்க் போடலாம். அறைக்குள் படம் காட்டிக்கொண்டிருக்காமல் நேராக ஸ்டாப்புக்கே கூட்டிப்போனார்கள். 29சி, முன்பக்கம் பிங்க் நிறம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழக்கினார்கள். பிங்க் என்றால் சாதாரண டவுன் பஸ், அதில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம் என்பதால் சில்லறைத் தொல்லையும் இல்லை. எட்டாவது மாதம் தனியாகப் போனாள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன், அவளுக்குத் தெரியாது. பிங்க் இல்லாத 29சி இரண்டு வந்தன. ஏறவில்லை, மூன்றாவதில்தான் ஏறினாள். கண்டக்டர் கொடுத்த இலவசச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவருகிறாள்.

பெற்றோருக்கென்று மாதம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கினால் நன்றாயிருக்கும். வகுப்பில் பிள்ளைகளையே செய்ய விடுவதை நாங்கள் வீட்டில் பிடுங்கிச் செய்துவிடுகிறோம். அதை எங்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த பிரிவு ஜூனில். சேர்ப்பவர்கள் கேஸ் அடுப்பு என்று முதல் நாளே எழுதிக்கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தோசைத்திருப்பியையும் கையோடு கொடுத்தனுப்புங்கள், எட்டுப் பேருக்கு அங்கே இரண்டுதான் இருக்கிறது.