வரிசையை மனம் எப்படிப் பிடித்துவைக்கிறது: சங்கிலியா, இருக்கையா, முனைப்பா?

749263. ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். தப்பு வந்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான் இடம் மாறும்: 794263. இந்தச் சின்னத் தப்பில் மூன்று விளக்கங்களையும் உரசிப் பார்க்கலாம்.

மூத்தது சங்கிலி. 7 வந்து 4-ஐ இழுக்கும், 4 வந்து 9-ஐ இழுக்கும். பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டுப் பார்த்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 7-க்குப் பின் 9-க்குத் தாவிவிட்டவர், சங்கிலிப்படி அடுத்து 2 என்றல்லவா சொல்ல வேண்டும்? அவரோ பெரும்பாலும் விட்டுப்போன 4-க்கே திரும்புகிறார். 1968-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஆலன் பேட்லி கொடுத்த அடி இன்னும் பலமானது. ஒன்றுபோல ஒலிப்பதால் குழம்பும் ஆங்கில எழுத்துகளையும் குழம்பாதவற்றையும் மாற்றி மாற்றி அடுக்கினார். தப்பு கூடியது குழம்பும் எழுத்துகளில்தான். அவற்றை அடுத்து வந்தவை தப்பித்துக்கொண்டன. கண்ணி அறுந்தால் அடுத்ததும் கையை விட்டுப் போக வேண்டாமா?

இரண்டாவது விளக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் இருக்கை எண் உண்டு. 749, 263 என்று பிரித்துப் படித்தால், ஒவ்வொரு தொகுதியிலும் மூன்றாவதாக இருக்கும் 9-உம் 3-உம் இடம் மாறிக்கொள்வதுண்டு. இதற்கு முன் படித்த பட்டியலின் மூன்றாவது ஆள் இந்தப் பட்டியலிலும் அதே மூன்றாவது இருக்கையில் வந்து உட்காருவதும் உண்டு. சங்கிலி இதற்கு வாயே திறக்காது.

மூன்றாவது, 1998-இல் உளவியலாளர்கள் பேஜும் நாரிஸும் முன்வைத்தது, மூன்றிலும் எளிமையானது. முதல் எண் மிக முனைப்பாகப் பதியும், போகப்போக முனைப்பு குறையும். இருப்பதில் வலுவானதைச் சொல்கிறோம், சொன்னதை அடக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். அவ்வளவுதான். விட்டுப்போன 4 இன்னும் வலுவாகக் காத்திருப்பதால் உடனே முந்திக்கொள்கிறது. ஆனால் தொகுதி விட்டுத் தொகுதி தாவும் தப்பை இதுவும் தனியாக விளக்காது.

சில விநாடி நினைவுக்கு இருக்கையும் முனைப்பும் சேர்ந்தே தேவை என்பது என் கணிப்பு. அப்புறம், சங்கிலியைக் குப்பையில் போடவும் மனமில்லை. நன்றாகத் தெரிந்ததைத் 'தலைகீழ்ப் பாடம்' என்கிறோம். ஆனால் மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் பலருக்கும் நாக்கு தடுக்குகிறது; சங்கிலி முன்னோக்கித்தானே இழுக்கும்.