பாய்ங்க்கில் பங்கு பிரித்த கதை

வேற்றுலக அறிவுயிர்களின் ரேடியோ சமிக்ஞைகளைத் தேட வீட்டுக் கணினிகளைப் பயன்படுத்திய செட்டி அட் ஹோம் இருந்தவரை, பல திட்டங்களுக்குப் பங்கு பிரிக்கும் கணக்கே எனக்குத் தேவைப்படவில்லை. ஒரே திட்டம், கணினி சும்மா இருக்கும் நேரமெல்லாம் அதற்கு. 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2020 மார்ச் 31-உடன் புது வேலை அனுப்புவதை நிறுத்தியது. சரி, இப்படிப்பட்ட ஆய்வுத் திட்டங்களின் வேலையை நம் கணினியில் ஓட்டும் பாய்ங்க் (BOINC) மென்பொருள்தான் இருக்கிறதே என்று மூன்று திட்டங்களில் சேர்ந்தேன்: பல்சர் என்னும் துடிக்கும் விண்மீன்களையும் ஈர்ப்பலைகளையும் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம், புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரோசெட்டா அட் ஹோம், காலநிலை மாதிரிகளை ஓட்டும் கிளைமேட்பிரெடிக்‌ஷன். நான்கு கோர் (தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள்) கொண்ட செயலி, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அதே கணினிதான் இன்றும் ஓடுகிறது.

ஒவ்வொரு திட்டத்துக்கும் 'ரிசோர்ஸ் ஷேர்' என்று ஓர் எண் உண்டு. மாற்றாமல் விட்டால் 100. இது சதவீதம் இல்லை, விகிதம். நான் ஐன்ஸ்டைனுக்கு 200, மற்ற இரண்டுக்கும் 100 வைத்தேன். அப்படியென்றால் பாதி, கால், கால். நான்கு கோரில் இரண்டு ஐன்ஸ்டைனுக்குப் போகும் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்றுகூடப் போகவில்லை. வாரக்கணக்கில் பார்த்தேன், செயலியில் ஐன்ஸ்டைன் தலைகாட்டவே இல்லை. பங்கை 300 ஆக்கினேன். அப்போதும் அதே நிலைமை.

காரணம் புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. பாய்ங்க் கோர்களைப் பங்கு போடுவதில்லை, கணினியின் மொத்த உழைப்பைப் பங்கு போடுகிறது. ஒவ்வொரு திட்டமும் அண்மையில் எவ்வளவு கணிப்புத்திறனைப் பயன்படுத்தியது என்று ஒரு மதிப்பீடு வைத்திருக்கிறது. ஓடிய நேரத்தை அந்தச் சாதனத்தின் உச்ச வேகத்தால் பெருக்கி வருவது அது. செய்த வேலைக்குத் திட்டம் தாராளமாகப் புள்ளி கொடுக்கிறதா, கஞ்சத்தனம் செய்கிறதா என்பதற்கு இதில் இடமில்லை. என் செயலியின் வேகம் 1 என்றால் கிராஃபிக்ஸ் கார்டு 10 என்று வையுங்கள். மொத்தம் 11. பாதிப் பங்கு என்றால் ஐன்ஸ்டைனுக்குச் சேர வேண்டியது ஐந்தரை. மூன்றில் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் வேலை எனக்குக் கிடைத்தது அதனிடமிருந்து மட்டும்தான். அதனால் அந்தப் பத்தும் அதற்கே போய்விட்டது. பந்தியில் ஒருவருக்கு மட்டும் இலை நிறையப் பரிமாறியாயிற்று, இனி செயலியிலும் எதற்குப் போட வேண்டும் என்று மென்பொருள் நினைக்கிறது. நினைப்பதில் தப்பும் இல்லை. தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

திட்டத்தின் பண்புகள் சாளரத்தைத் திறந்தால் 'ஷெட்யூலிங் பிரையாரிட்டி' என்று ஒரு மைனஸ் எண் தெரியும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த முறை. எனக்குக் கொஞ்சமாவது நிம்மதி கொடுத்தது இந்த எண்தான்.

அந்த மதிப்பீடு பத்து நாளைக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். இதன் விளைவை கிளைமேட்பிரெடிக்‌ஷனில் நன்றாகப் பார்க்கலாம். அங்கே வேலை எப்போதும் இருக்காது, விட்டுவிட்டுத்தான் வரும். இரண்டு மாதம் வறட்சி என்றால் அதன் கணக்கு ஏறக்குறைய துடைத்துவிட்டது போல ஆகிவிடும். அப்புறம் ஒருநாள் வேலை வந்ததும் நான்கு கோரையும் அதுவே பிடித்துக்கொள்ளும். ரோசெட்டா ஓரமாக நிற்கும். முதல் தடவை பதறிப்போய்ச் சில டாஸ்க்குகளைக் கையால் நிறுத்திவைத்தேன். இப்போது அப்படியே விட்டுவிடுகிறேன். சில வாரங்களில் தராசு தானாக நேராகிறது.

இன்னொரு தடவை முழுக்க என் பேராசை. இணைப்பு போனாலும் வேலை தீரக் கூடாது என்று எட்டு நாளுக்கான வேலையை முன்கூட்டியே இறக்கி இருப்பு வைத்தேன். நடுவில் கணினியை இரண்டு நாள் அணைத்து வைக்க வேண்டி வந்தது. திரும்பப் போட்டதும் பாய்ங்க் பங்கை மறந்து, முடித்து அனுப்பும் கெடு நெருங்கியதை முதலில் ஓட்ட ஆரம்பித்தது. கெடு தவறும் என்று தெரிந்தால் அது அப்படித்தான் செய்யும். முந்திக்கொண்ட திட்டத்திடம் பிற்பாடு ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் எனக்குப் பல டாஸ்க்குகள் கெடு தாண்டி வீணாயின. இருப்பின் இயல்பான அளவு 0.1 நாள், அதற்கு மேல் 0.5 நாள். இப்போது அதற்கே திரும்பிவிட்டேன். இருப்பு குறைவாக இருந்தால் ஒரே திட்டம் வரிசையை நிரப்புவதும் குறைகிறது.

நான்காவதாக வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்ற இன்னொரு ஆய்வுத் திட்டத்தைச் சேர்த்து, பங்கு 0 கொடுத்தேன். பூஜ்யம் என்றால் வேலையே கிடையாது என்று நினைக்க வேண்டாம். மற்ற எங்கும் வேலை கிடைக்காதபோது மட்டும் அதைக் கூப்பிடும், இருப்பும் சேர்க்காது. கோர்கள் காலியாக இருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை.

டாஸ்க் மாற்றும் இடைவெளியை 60 நிமிடத்திலிருந்து 240 ஆக்கியிருக்கிறேன். நிறுத்திய வேலையை நினைவகத்திலேயே வைக்கும் தேர்வையும் போட்டுவிட்டேன், அது இல்லாவிட்டால் கடைசிச் சேமிப்புக்குப் பிறகு செய்த வேலை வீண்.

பிடிக்காத ஒன்று: பங்கு எண்ணை மென்பொருளிலேயே மாற்ற முடியாது. அந்தந்தத் திட்டத்தின் தளத்தில் போய் மாற்றி, பிறகு இங்கே 'அப்டேட்' அழுத்த வேண்டும். நான்கு திட்டத்துக்கு நான்கு கடவுச்சொல். ஐன்ஸ்டைனின் 300-ஐ மறுபடி 200 ஆக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படியும் செயலிக்கு அது வரப்போவதில்லை.