அகிரிப்பாவின் குடைக் காசா, அரேத்தாவின் ஜோடிக் காசா?

ரோமுக்கு அடங்கிய சிற்றரசர் ஒருவரின் வெண்கலக் காசு ஒன்றே ஒன்று வாங்குவது என்று முடிவானதும் இரண்டுதான் தேறின. ஒன்று, எருசலேமைச் சுற்றிய யூதேயாவின் அரசர் முதலாம் ஏரோது அகிரிப்பா வெளியிட்ட புரூட்டா என்ற சிறு காசு. மற்றது, இன்றைய ஜோர்டானிலுள்ள பெட்ராவிலிருந்து ஆண்ட நபாத்திய அரசர் நான்காம் அரேத்தா, அரசி ஷகீலத்தோடு சேர்ந்து முகம் காட்டும் காசு. நான் வாங்கியது அகிரிப்பாவை. சாய்வு இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே ஏராளமாக அடிக்கப்பட்டவை, நம் ஒரு ரூபாயைவிடச் சிறியவை.

அழகு என்று பார்த்தால் அரேத்தாதான். அரசனும் அரசியும் ஒரே திசை பார்க்கும் முகங்கள். மறுபக்கம் குறுக்காக வைத்த இரண்டு வளமைக் கொம்புகள், இருவர் பெயரும் நபாத்திய எழுத்தில். ரோமப் பேரரசர் அகஸ்டஸைக் கேட்காமல் அரியணை ஏறி, அவர் கோபத்துக்கு ஆளாகி, பிறகே ஒப்புதல் வாங்கிய ஆள், கி.பி. 40 வரை ஆண்டார்.

அகிரிப்பா காசில் முகமே இல்லை. எருசலேமில் அடித்தது, யூத நெறிக்கு உருவம் ஆகாது. (செசரியாவில் அடித்த காசுகளில் தன் முகத்தைத் தாராளமாகப் போட்டுக்கொண்டார், அது வேறு கதை.) ஒரு பக்கம் குஞ்சம் தொங்கும் குடை, நமக்கு வெண்கொற்றக்குடைதான் நினைவுக்கு வரும். மறுபக்கம் மூன்று வாற்கோதுமைக் கதிர்கள், பக்கத்தில் கிரேக்க எழுத்தில் ‘ஆண்டு 6’, அதாவது கி.பி. 41–42. யூதேயா கைக்கு வருமுன்பே வேறு பகுதிகளுக்கு அரசராக இருந்தவர், ஆண்டுக் கணக்கு அங்கிருந்து. பேரரசர் கிளாடியஸ் யூதேயாவை அவர் கையில் கொடுத்தது 41இல். 44இல் அவர் இறந்ததும் நாடு மறுபடி ரோமானிய அதிகாரிகளிடம் போய்விட்டது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது வரலாறு அல்ல, களிம்பு. புதைந்து கிடந்த வெண்கலக் காசுக்குள் மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பு இருக்கும்; காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும். தட்டிவிட்டால் மறுபடி வரும், ஒவ்வொரு முறையும் உலோகத்தைக் கொஞ்சம் தின்னும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். வைத்தியம்: லென்ஸ் வைத்துக்கொண்டு ஊசி முனையால் பொடியைக் கிளறி எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடுவது. வீட்டில் புளி போட்டுத் தேய்க்கலாமே என்பார்கள். காசின் மேல்தோலே போய்விடும்.

ஊசி பட்ட இடத்தில் குழி விழத்தான் செய்யும். அரேத்தாவின் முகங்கள் மேலோட்டமானவை. ஷகீலத்தின் மூக்கருகே ஒரு குழி விழுந்தால் அரசி காலி. குடையும் கதிரும் தடித்த கோடுகள். என் காசில் நடுக்கதிரின் அடியில் இரண்டு குழிகள் உண்டு, ஆனாலும் கைநீட்டும் தூரத்திலேயே அடையாளம் தெரிகிறது. கடற்காற்று வீசும் ஊரில் இருப்பவனுக்கு இது பெரிய விஷயம். வறண்ட ஊர்க்காரர் என்றால் அரேத்தா பக்கம் போகலாம்.

திரேஸ் அரசர் முதலாம் ரோய்மெட்டால்கஸின் காசையும் சிலர் சொல்வார்கள். மறுபக்கம் அகஸ்டஸ் தலை, அளவிலும் பெரியது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆகவே சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதை வாங்கினாலும் பள்ளங்களில் மணல் படிந்து எழுத்து எடுப்பாகத் தெரிந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பசை வைத்து மணல் ஒட்டுவது உண்டு. அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஓரத்தில் ஒற்றினால், ஒட்டிய மணல் பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.