வேல்ஸ் மலைக் கிராமச் சுற்றுலா: பணம் கட்டும் முன் வழியைக் கேளுங்கள்

மான்செஸ்டர், லிவர்பூல் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வடக்கு வேல்ஸுக்கு ஒருநாள் மினிபஸ் சுற்றுலா போகலாம் என்று நினைத்தால், டிக்கெட் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டி எந்தச் சாலையில் போகும்? ‘ஸ்னோடோனியா மலைக் கிராமங்கள்’ என்று விளம்பரம் செய்து, ஆளுக்கு 65 பவுண்டு வாங்கிக்கொண்டு, எங்களைப் பெரும்பாலும் கடலோர ஏ55 நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டது ஒரு கம்பெனி.

அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏற்றத்தில் நடக்க முடியாது. உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்கலாம் என்பதால்தான் இதைப் பிடித்தோம். விளம்பரத்தில் போட்டிருந்த வழியைக் குறை சொல்ல முடியாது. பெட்டஸ்-அ-கோயிட், கேப்பல் கிரிக், நாண்ட் க்வினாண்ட் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி பெத்கெலெர்ட், திரும்ப மேலே ஏறி பென்-அ-பாஸ் கணவாய், அப்புறம் லான்பெரிஸ். வேல்ஸிலேயே உயரமான ஸ்னோடன், 1,085 மீட்டர், கூடவே வந்துகொண்டிருக்கும். ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகம் 2022இல் எடுத்த முடிவின்படி அந்த மலையை இப்போது அர் வித்வா என்றுதான் எழுதுகிறது. விளம்பரத்தில் இரண்டு பெயரையும் போட்டு இரண்டு இடம் மாதிரி கணக்குக் காட்டியிருந்தார்கள். அப்போதே ஒரு நெருடல்.

பெட்டஸ்-அ-கோயிட் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அங்கே இறக்கிவிட்டு, ஒரு கடையின் தள்ளுபடிச் சீட்டைக் கையில் கொடுத்து, நேரம் போவது தெரியாமல் நிறுத்திவைத்தார்கள். மழைக்கோட்டும் மலையேறும் பூட்ஸும் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற ஊர் அது. ஊர்க் கோடியில் பொறியாளர் டெல்ஃபோர்ட் கட்டிய வாட்டர்லூ இரும்புப் பாலம் இருக்கிறது. வாட்டர்லூ போர் நடந்த அதே ஆண்டில் கட்டியது என்று வளைவிலேயே எழுத்தை வார்த்திருக்கிறார்கள். விளம்பரத்தில் ‘உள்ளூர் வழிகாட்டி’ என்று சொன்னது டிரைவரைத்தான். அவர் அந்தப் பாலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அங்கிருந்து மேற்கே ஏ5 சாலையைப் பிடித்தால் ஐந்தாறு மைலில் கேப்பல் கிரிக். வண்டி வடக்கே திரும்பி, வந்த வழியே ஏ470இல் இறங்கியது. “என்னப்பா, மலையெல்லாம் அந்தப் பக்கம்ல இருக்கு, இவன் ஏன் இந்தப் பக்கம் போறான்?” என்றார் அப்பா. நான் முன்னால் போய்க் கேட்டேன்.

பென்-அ-பாஸில் வண்டி நிறுத்த முன்பதிவு வேண்டுமாம், இடம் கிடைக்கவில்லையாம். சீசனில் அந்த பார்க்கிங்குக்கு முன்பதிவு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கணவாயைக் கடந்து போக யார் அனுமதியும் தேவையில்லை, சாலையும் திறந்துதான் இருந்தது. முன்பதிவு செய்ய வேண்டியதும் காசு வாங்கிய அவர்கள்தானே? அடுத்த காரணம், 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் 20 மைல் வேகக் கட்டுப்பாடு, கிராமங்கள் வழியாகப் போனால் நேரம் போதாது. அந்தக் கட்டுப்பாடு வீடுகள் நெருங்கிய தெருக்களுக்குத்தான். ஊருக்கு ஊர் இடையே உள்ள மலைச்சாலைக்கு இல்லை. பாதி உண்மையைச் சொல்லி வாயடைப்பதில் ஆள் கெட்டிக்காரர்.

கடைசியில் ஏ55இல் ஏறி, ஆங்கிள்சி தீவில் 58 எழுத்துப் பெயர் கொண்ட லான்ஃபேர்ப்வில் ரயில் நிலையம். பெயர்ப்பலகையில் ஒரு போட்டோ, பக்கத்துப் பெரிய கடையில் இன்னொரு நீண்ட நிறுத்தம். திரும்பும்போது கான்வி முகத்துவாரத்துக்குக் கீழே போகிற சுரங்கச் சாலை. மலைக்கு மேலே போகக் காசு கட்டியவர்களை ஆற்றுக்கு அடியில் கூட்டிப்போன பெருமை இந்தக் கம்பெனியைத்தான் சேரும்.

சுற்றுலாவுக்காகக் கதை கட்டுவது அந்தப் பக்கம் புதிதில்லை என்பதும் உண்மை. லான்ஃபேர்ப்வில்லின் அந்த நீளப் பெயரே 1860களில் ஆட்களை இழுக்க வைத்ததுதான். பெத்கெலெர்ட்டில், பழங்கதையில் வரும் ஒரு நாயின் கல்லறை என்று காட்டுவதும் விடுதிக்காரர் ஒருவர் கிளப்பிவிட்டது என்கிறார்கள். ஆனால் அங்கே போனால் கல்லறையாவது இருக்கும்.

புகார் எழுதியபோது, ‘வானிலை, போக்குவரத்தைப் பொறுத்து வழி மாறலாம்’ என்ற பொடி எழுத்து வரியைக் காட்டி, அடுத்த பயணத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அன்றைக்கு நல்ல வெயில். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைப் பற்றி அவர்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி நீங்கள் வாங்கினால், அது ஒப்பந்தத்தில் சேர்ந்தது மாதிரி. இதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன், பதில் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியதால், கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு காப்பாற்றும் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு ஒரு பொருளின் விலையே 100 பவுண்டைத் தாண்ட வேண்டும். நாலு டிக்கெட்டையும் கூட்டிக் காட்டினால் செல்லாமல் போகலாம். அதனால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைக் கம்பெனியிடமிருந்து திருப்பி வாங்கித் தரும்படி, கேட்டேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், என் போனில் பதிவான பயணப் பாதையையும் சேர்த்து அனுப்பினேன். அதன் பிறகுதான் கம்பெனி தானாக வந்து பாதிப் பணத்தைக் கொடுத்தது. மீதிக்கு இன்னும் இழுபறி.

நீங்கள் போவதாக இருந்தால், கேப்பல் கிரிக், பென்-அ-பாஸ் இரண்டையும் பெயர் சொல்லி, அவற்றின் வழியாக வண்டி போகுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘காணும் இடங்கள்’ என்ற பட்டியலை நம்பாதீர்கள். தூரத்தில் தெரிந்தாலும் அவர்கள் கணக்கில் கண்டதுதான். இவர்கள் யாருமே வேண்டாம் என்றால், லாண்டட்னோ ஜங்ஷனிலிருந்து பெட்டஸ்-அ-கோயிட்டுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து பென்-அ-பாஸ் வழியாக லான்பெரிஸுக்கு ஷெர்ப்பா என்ற உள்ளூர் பஸ் போகிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாறும், திரும்பும் கடைசி பஸ்ஸை முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.