பைமோபெண்டன் மாத்திரை: ஒழுகும் வால்வுக்குத் துணை, இறுகிய வால்வுக்கு ஆகாது

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமும் லேப்ரடார், ராட்வைலர், புல்டாக் வளர்க்கும் வீடுகள் நிறைய. பிறவி வால்வுக் கோளாறு அடிக்கடி தென்படும் இனங்களும் இவைதான். தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் குட்டியின் நெஞ்சில் 'மர்மர்' (இதயத்தில் கேட்கும் வழக்கத்துக்கு மாறான இரைச்சல்) கேட்கிறது என்று சொன்னால், "ஹார்ட்டுக்கு இதுதான் மாத்திரை" என்று பைமோபெண்டனைக் காட்ட யாராவது இருப்பார்கள். மாத்திரையில் குறையில்லை. எந்த வால்வு, என்ன கோளாறு என்று பார்க்காமல் கொடுப்பதில்தான் ஆபத்து.

போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனியின் வெட்மெடின் இந்த மருந்தின் பழைய, பேர்பெற்ற பிராண்டு. இதயத் தசையின் சுருக்கத்தைப் பலப்படுத்தும். கூடவே ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். மைட்ரல் (இதயத்தின் இடப்பக்கம்) அல்லது ட்ரைகஸ்பிட் (வலப்பக்கம்) வால்வு சரியாக உருவாகாமல் ஒழுகும் நாய்க்கு இரண்டுமே உதவி. பின்னால் கசிவது குறைந்து, ரத்தம் முன்னால் போவது எளிதாகும். லேப்ரடாரில் ட்ரைகஸ்பிட் கோளாறு அதிகம் என்பதால் வலப்பக்க நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் மட்டும் கேட்டால் தவறிவிடும்.

ஒழுகாமல் இறுகிப்போன வால்வு என்றால் கதையே வேறு. ராட்வைலர், கோல்டன் ரெட்ரீவரில் பெருந்தமனி வால்வுக்குக் கீழே வரும் குறுக்கமும், புல்டாக், பீகிளில் நுரையீரலுக்குப் போகும் வழியில் வரும் பல்மோனிக் வால்வுக் குறுக்கமும் இந்த வகை. குறுகிய வாசலில் கூட்டத்தைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். பெருந்தமனிக் குறுக்கத்துக்குக் கொடுக்காதே என்று மருந்தின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. பல்மோனிக் குறுக்கம் முற்றி வலப்பக்க இதயம் தளர்ந்துவிட்ட நிலையில் நிபுணர் சில சமயம் கொடுப்பார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

ஆகவே மாத்திரைக்கு முன்னால், ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளரோடு எக்கோ (இதய ஸ்கேன்). மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியோ, கோவைப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் டாப்ளர் பார்ப்பவர் அன்றைக்கு இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குறுக்கம் என்றால் ரிப்போர்ட்டில் ரத்த வேகம் இருக்க வேண்டும். வேகத்தை அதாலேயே பெருக்கி நான்கால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் கிடைக்கும். வினாடிக்கு 4.5 மீட்டர் என்றால் 81. பல்மோனிக் குறுக்கத்தில் 50க்குக் கீழே லேசு, 80க்கு மேலே கடுமை. கடுமையானதற்கு பலூன் வைத்து வால்வைத் திறப்பதுதான் வழி. ஆனால் புல்டாக்கில் இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய் சில நாய்களில் பல்மோனிக் வால்வைச் சுற்றி ஓடும். அது தெரியாமல் பலூனை விரித்தால் குழாய் கிழிந்து உயிரே போகலாம். அந்தக் குழாயின் போக்கை முதலில் பார்த்தாக வேண்டும். ஒழுகும் வால்வு என்றால் இட மேலறைக்கும் பெருந்தமனிக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். 1.6ஐத் தொட்டால் மேலறை வீங்கிவிட்டது என்று பொருள். ட்ரைகஸ்பிட்டுக்கு இந்த எண் பேசாது, வல மேலறையைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வழக்கமான அளவு, கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. 10 கிலோ குட்டிக்கு 5 மில்லிகிராம் மாத்திரையில் காலை பாதி, இரவு பாதி. குட்டிகளில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 10 கிலோவில் ஆரம்பித்த அளவையே 25 கிலோ ஆன பிறகும் கொடுத்தால் கிலோவுக்கு 0.1தான் சேரும். மருந்து கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன் எடை போடுங்கள். வளரும் வரை மாதாமாதம் எடை பார்த்து டாக்டரிடம் அளவைச் சரிசெய்துகொள்வதே முறை.

மெல்லும் மாத்திரைக்கு இறைச்சி வாசனை உண்டு. நாய் தானாகவே வாங்கிச் சாப்பிடும், அது பெரிய சௌகரியம். அதே காரணத்துக்காக அட்டையை எட்டாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மொத்தத்தையும் தின்றுவிடும். சில நாய்களுக்கு ஆரம்பத்தில் பசி மந்தம், வாந்தி, பேதி வரும். தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நெஞ்சில் நீர் கோத்தால் இந்த மாத்திரை மட்டும் போதாது, கூடவே சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட் வேண்டும். மனிதர்களுக்கான 40 மில்லிகிராம் லேசிக்ஸ் (இதே ஃபுரோசமைட்) எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். 10 கிலோ நாய்க்குப் பாதி மாத்திரை என்றாலே கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். மருந்து பிடிக்கிறதா என்று பார்க்க நாய் நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் 30க்குள் இருக்க வேண்டும். பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதை எண்ணிப் பயப்பட வேண்டாம். இரவில் ஃபேனுக்கு அடியில் எண்ணுங்கள். ட்ரைகஸ்பிட் கோளாறில் நீர் பெரும்பாலும் வயிற்றில்தான் சேரும், மூச்சு எண்ணிக்கை மட்டும் காட்டிக்கொடுக்காது. தையல் டேப்பால் கடைசி விலாவுக்குப் பின்னால், ஒரே இடத்தில், வாரம் ஒரு தடவை வயிற்றுச் சுற்றளவு எடுத்து எழுதிவையுங்கள்.

2016இல் வந்த எபிக் ஆய்வைக் காட்டி, நோய்க்குறி வருவதற்கு முன்பே கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆய்வு வயதான நாய்களில் மைட்ரல் வால்வு தேய்ந்து இதயம் பெரிதானதைப் பற்றியது. பிறவிக் கோளாறுள்ள குட்டியை அதில் சேர்க்கவில்லை. ஒழுகும் வால்வை இந்த மாத்திரை சரிசெய்யாது, இதயம் தாக்குப்பிடிக்கும் காலத்தைத்தான் நீட்டும். எங்கள் பார்வையில் அதற்கு அது தகுதியான மருந்து. சின்ன ஊர்க் கடைகளில் எப்போதும் இருப்பு இருக்காது என்பதால், அட்டையில் இரண்டு வார மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவையுங்கள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கடை அடைப்பதைக் கணக்கில் வைத்து இன்னும் கொஞ்சம் முன்னாலேயே.