கீட்டோ லஞ்ச் பாக்ஸ் ஒரு மாசம் சாப்ட்டேன்: தொப்பை குறைஞ்சுது, புரோட்டீன் எங்கப்பா?

வேளச்சேரி பக்கம் ஒருத்தர் வீட்டு கிச்சன்ல சமைச்சு கீட்டோ சாப்பாடு, அதாவது கார்ப்ப (மாவுச்சத்த) ரொம்ப குறைச்சு கொழுப்ப ஏத்துன சாப்பாடு, டெலிவரி பண்றாங்க. பேரு வேணாம், சின்ன அளவுல நடத்துறவங்க. மதியம் மட்டும் 26 நாளுக்கு 5980 ரூபா கட்டினேன், பாக்ஸ் ஒண்ணு 230 கணக்கு. நான் ஜிம்முக்கு போறவன், வெயிட் 84 கிலோ, ஃபேட்டும் குறையணும் மசிலும் ஏறணும்னு பேராசை, அவங்க விளம்பரமும் அதையே தான் சொல்லுச்சு.

டேஸ்ட்டுக்கு குறையே இல்ல. மட்டன் சுக்கா வர்ற நாள்ல மிளகு வாசனைக்கே ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளுங்க எட்டிப் பாப்பாங்க. காலிஃபிளவர் சாதம் மொத ரெண்டு நாள் வாடை அடிச்சுது, சொன்னதும் தேங்கா எண்ணெய்ல கடுகு கறிவேப்பிலை தாளிச்சு அனுப்பினாங்க, கண்ண மூடிட்டு சாப்ட்டா தேங்கா சாதம் தான். நூறு கிராம் சோத்துல கிட்டத்தட்ட 28 கிராம் கார்ப் இருக்கும், காலிஃபிளவர்ல 5 தான், அதனால மனச தேத்திக்கலாம்.

பிரச்சனை வேற இடத்துல. பாக்ஸ் மேல 40 கிராம் புரோட்டீன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எனக்கு சந்தேகம் வந்து ஒரு நாள் சிக்கன் பீஸ எல்லாம் ஸ்கேல்ல வெச்சேன், 120 கிராம் காட்டுச்சு, எலும்ப எடுத்துட்டு பாத்தா வெறும் 75. அதுல 20 கிராம் புரோட்டீன் வந்தா பெருசு. மிச்ச இடத்த எல்லாம் வெண்ணெய் ரொப்பிடுச்சு, கீழ ஒரு குளமே நிக்குது. ஃபேட்டு ஒரு கிராமுக்கு 9 கலோரி, புரோட்டீனுக்கு 4 தான், அதனால வயிறு ரொம்பிடும், பசிக்காது, ஆனா மசிலுக்கு வேண்டிய சரக்கு வரல. உடம்பு வெயிட் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன்னு வெச்சாலே எனக்கு ஒரு நாளைக்கு 134 கிராம் வேணும். கடைசில தினமும் எட்டு முட்டை அவிச்சு தின்னு தான் சரிக்கட்டுனேன், அந்த செலவு தனி.

இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை பன்னீர் கிரேவி லேசா இனிக்கும். போன் பண்ணி கேட்டா அந்த அக்கா "முந்திரி கொஞ்சூண்டு தான் அரைச்சு ஊத்துறேன் தம்பி, இல்லன்னா கிரேவி கெட்டியாவாது"ன்னாங்க. முந்திரில நூறுக்கு 30 கிராம் கார்ப் இருக்குக்கா. சண்டை போடல, அடுத்த வாரத்துல இருந்து தேங்கா பாலுக்கு மாத்திட்டாங்க, அந்த விஷயத்துல நல்ல மனுஷங்க.

மூணாவது நாள் மண்டை பொளக்குற தலைவலி. கார்ப குறைச்சதும் உடம்பு தண்ணியையும் உப்பையும் வெளிய தள்ளுது, எலுமிச்சை ஜூஸ்ல உப்பு போட்டு குடிச்சதும் ஒரு மணி நேரத்துல சரியாச்சு. இத மொத நாளே சொல்ல வேணாமா, அவங்க குடுத்த பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல.

மாசக் கடைசில 79.5 கிலோ. ரொம்ப குதிக்காதீங்க, மொத வாரத்துலயே 2.5 போச்சு, அதுல பெரும்பாலும் தண்ணி தான். இடுப்பு ஒன்றரை இஞ்ச் குறைஞ்சுது, அது நெசம். ஜிம்முல டெட்லிஃப்ட் (தரையில இருந்து வெயிட் தூக்குறது) 80 கிலோ அஞ்சு தடவைங்கிறது அப்படியே நின்னுச்சு, ஸ்குவாட் (தோள்ல வெயிட்டோட உக்காந்து எழுறது) மட்டும் 60 கிலோல பன்னெண்டு அடிச்சவன் எட்டுக்கு எறங்கி மூணாவது வாரம் தான் பத்து தொட்டேன். மசில் ஏறுச்சான்னு கேட்டா, கரையல, அவ்ளோ தான் சொல்லுவேன்.

எங்க சித்தப்பா நானும் வாங்கவாடான்னாரு, அவரு இன்சுலின் போடுறவரு. டாக்டர் கிட்ட கேட்டு டோஸ மாத்தாம இதத் தொட்டா சுகர் சட்டுனு எறங்கிடும், அதனால வேணாம்னு தடுத்துட்டேன். நானும் அடுத்த வாரம் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்கணும், இவ்ளோ வெண்ணெய் உள்ள போயிருக்கு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். மறுபடியும் மாசக் கட்டணம் கட்டல, மட்டன் சுக்கா நாள் மட்டும் தனியா சொல்லி வாங்கிக்கிறேன், ஸ்கேல் இப்பவும் ஆபீஸ் டிராயர்ல தான் இருக்கு.